வாசலில் நிற்கும் விதி

மூன்று வாரம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. காலையில் வந்து ஹெல்ப் டெஸ்க் திரையைத் திறந்தால் வழக்கமாக 80 டிக்கெட்டாவது, அதாவது எண் போட்டுப் பதிவான கோரிக்கைகளாவது, காத்திருக்கும். அது 40-க்கு இறங்கியிருந்தது. புதிதாக எழுதிய மின்னஞ்சல் வடிகட்டிதான் காரணம் என்று, அதை எழுதிய நண்பருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தோம். 'நோ-ரிப்ளை' என்று தொடங்கும் முகவரியிலிருந்து எது வந்தாலும் டிக்கெட் ஆக்காதே, தூக்கிப் போடு என்பதுதான் அவர் எழுதிய விதி. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து வருகிறவை விளம்பரமும் செய்திமடலும்தானே?

நான்காவது வாரம் ஒருவர் நேரில் வந்து நின்றார். "உங்க வெப்சைட்ல இருக்கிற புகார் ஃபார்மை மூணு தடவை நிரப்பி அனுப்பிட்டேன் சார். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலையே" என்றார். தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இணையதளத்தில் யாராவது படிவத்தை நிரப்பினால் எங்கள் சர்வர் அதை ஒரு மெயிலாக்கி ஹெல்ப் டெஸ்க்குக்கு அனுப்பும். அந்த மெயிலில் அனுப்புநர் இடத்தில் இருந்தது எங்களுடைய சொந்த நோ-ரிப்ளை முகவரி. கூட்டம் குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

மின்னஞ்சல் வடிகட்டி என்பது ஒருவர் தன் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது. நள்ளிரவு 2 மணிக்கு வரும் கடிதத்துக்கும் அந்தத் தீர்ப்புதான். ஆறு மாதம் கழித்து, அவர் வேலையை விட்டுப் போன பிறகு வரும் கடிதத்துக்கும் அதேதான். அந்தத் தீர்ப்பு எப்படி எழுதப்படுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

டிக்கெட் பிறக்கும் இடம்

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஹாஸ்டலில் மின்விசிறி சுற்றவில்லை. தேர்வுக் கட்டணம் வங்கிக் கணக்கில் இரண்டு முறை கழிந்துவிட்டது. நூலகத்தில் வைஃபை கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே உதவி முகவரி. நாலு பேர் அந்த இன்பாக்ஸைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரே கடிதத்துக்கு இருவர் பதில் போடுவதும், இன்னொரு கடிதத்துக்கு அவர் போட்டிருப்பார் என்று இவரும் இவர் போட்டிருப்பார் என்று அவரும் விட்டுவிடுவதும் தினசரி நடக்கும்.

1996-ல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக உதவி மையத்தில் வேலை பார்த்த ஜெஸ்ஸி வின்சென்ட் என்ற மாணவர், தங்கள் மையத்துக்கு வரும் கோரிக்கைகளைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் எழுத ஆரம்பித்தார். அது 'ரிக்வெஸ்ட் டிராக்கர்' ஆனது. வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை என்பதே இத்தகைய மென்பொருள்களின் அடிப்படை. 2001-ல் ஜெர்மனியிலிருந்து ஓடிஆர்எஸ் வந்தது. பிஎச்பி மொழியில் எழுதிய ஓஎஸ்டிக்கெட், யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம் என்பதால் பரவியது. 2007-ல் கோபன்ஹேகனில் ஜென்டெஸ்க் பிறந்தது.

இந்தத் தொழிலில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் இங்கே தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. கிரீஷ் அதற்கு முன்பு வேலை பார்த்த ஜோஹோவும் ஜோஹோ டெஸ்க், சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என்று இதே வகை மென்பொருள்களை உலகத்துக்கு விற்கிறது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ அனுப்பும் புகாருக்கு எண் போடும் நிரலைச் சென்னையில் ஒருவர் எழுதியிருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உதவி முகவரியின் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கும். புதிதாக ஒரு மெயில் இருந்தால் நான்கு கேள்விகள் கேட்கும். இது புதுப் புகாரா, பழைய டிக்கெட்டின் தொடர்ச்சியா? எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும்? எவ்வளவு அவசரம்? இதை டிக்கெட் ஆக்கத்தான் வேண்டுமா? முதல் மூன்றில் தவறு நடந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படும். நான்காவதில் நடக்கும் தவறு யார் கண்ணிலும் படாது. எங்கள் நண்பரின் விதி நான்காவது கேள்விக்குச் சொன்ன பதில்.

உறை வேறு, கடிதம் வேறு

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட மென்பொருள் எதைப் படிக்கிறது? மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982-ல் எழுதியவர் ஜான் போஸ்டல். அந்த நெறிமுறையில் ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் உறை உண்டு, உள்ளே ஒரு கடிதம் உண்டு. உறையில் இருப்பது சர்வர்களுக்கான முகவரி. நம் திரையில் தெரியும் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கடிதத்தின் தலைப்பகுதியில் இருப்பவை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று நெறிமுறையில் கட்டாயம் இல்லை.

கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழைப்பவர் தாத்தா. உறையின் மேல் முகவரி எழுதியது பெரியப்பா பையன். தபாலில் போட்டது வேறொருவர். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் இதே இடைவெளியில் ஏமாற்றுக்காரரும் நுழையலாம். அனுப்புநர் என்ற இடத்தில் கல்லூரி முதல்வரின் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று பின்னால் வந்த சோதனைகள் இந்த ஓட்டையை அடைக்கத்தான் உருவாயின. 'முதல்வரிடமிருந்து வந்தால் உடனே கவனி' என்று விதி எழுதுகிறவர், அந்தச் சோதனைகளில் தேறிய கடிதத்துக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பகுதியில் சாதாரணமாக நம் கண்ணில் படாத வரிகளும் உண்டு. ஒவ்வொரு மெயிலுக்கும் மற்றொன்றுக்கு இல்லாத ஓர் அடையாளச் சரம் இருக்கும். பதில் எழுதும்போது, எந்தக் கடிதத்துக்கு இது பதில் என்று அந்தச் சரம் இன்னொரு வரியில் ஏறிக்கொள்ளும். பழைய டிக்கெட்டோடு பதிலைச் சேர்க்க மென்பொருளுக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி இதுதான். 'ரிப்ளை-டு' என்று மற்றொரு வரி, பதில் யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும். எங்கள் இணையதளப் படிவம் அனுப்பிய மெயில்களில் புகார் கொடுத்தவரின் உண்மையான முகவரி அந்த வரியில்தான் இருந்தது. ஓஎஸ்டிக்கெட் வடிகட்டியில் 'ரிப்ளை-டு முகவரியை எடுத்துக்கொள்' என்று ஒரு செயலே இருக்கிறது. எங்களைப் போல மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் போலிருக்கிறது.

முந்திய விதி, பிந்திய விதி

ஓஎஸ்டிக்கெட்டில் ஒரு வடிகட்டியைத் திறந்தால் முதலில் கேட்பது பெயரும் ஓர் எண்ணும். எத்தனையாவதாக இந்த வடிகட்டி ஓட வேண்டும் என்பது அந்த எண். அருகில் ஒரு சிறிய கட்டம்: இது பொருந்தினால் இதோடு நிறுத்திவிடலாமா? கீழே நிபந்தனைகள். பெயர், மின்னஞ்சல், பொருள், உள்ளடக்கம் என்று ஒன்றைத் தேர்ந்து, 'சமம்', 'கொண்டிருக்கிறது', 'இதில் தொடங்குகிறது', 'இதில் முடிகிறது' என்று ஓர் உறவைத் தேர்ந்து, சொல்லை எழுத வேண்டும். எல்லா நிபந்தனையும் பொருந்த வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா என்றும் சொல்ல வேண்டும். கடைசியாகச் செயல்: இந்தப் பிரிவுக்கு அனுப்பு, இந்த அவசர நிலை கொடு, இவரிடம் ஒப்படை, தானியங்கிப் பதிலை நிறுத்து, டிக்கெட்டை நிராகரி.

நம் கல்லூரியில் இரண்டு வடிகட்டிகள் எழுதுவோம். முதலாவது: பொருளில் 'ஹாஸ்டல்' இருந்தால் வார்டன் அலுவலகத்துக்கு அனுப்பு, அதோடு நிறுத்து. இரண்டாவது: பொருளில் 'அவசரம்' இருந்தால் உயர்ந்த அவசர நிலை கொடு. இரவு 11 மணிக்கு ஒரு மாணவி எழுதுகிறார்: 'அவசரம்: ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் வரவில்லை'. முதல் வடிகட்டி பொருந்துகிறது. கடிதம் சரியான அலுவலகத்துக்கே போகிறது. ஆனால் அங்கேயே ஓட்டம் நின்றுவிடுவதால் இரண்டாவது வடிகட்டி அந்தக் கடிதத்தைப் பார்ப்பதே இல்லை. காலையில் வார்டன் அலுவலகம் திறக்கும்போது, அறைச் சாவி தொலைந்த கடிதத்துக்குக் கீழே இதுவும் சாதாரணமாகக் கிடக்கும். இரண்டு விதியும் தனித்தனியே சரி. அவற்றை அடுக்கிய வரிசைதான் பிழை.

அனுபவசாலிகள் கையாளும் ஒழுங்கு எளியது. அனுப்பியவர் யார் என்பதைச் சரிசெய்யும் விதி முதலில். அவசரம் போன்ற அடையாளங்களைச் சேர்க்கும் விதிகள் அடுத்து. இவை எதிலும் 'நிறுத்து' கூடாது. எந்தப் பிரிவு என்று முடிவுசெய்யும் விதிகள் கடைசியில். இவற்றில் மட்டும் நிறுத்தலாம்.

ஓடிஆர்எஸ்ஸில் இந்த வரிசை வேறு மாதிரி. அங்கே வடிகட்டிகள் தங்கள் பெயரின் அகர வரிசையில் ஓடும். '9' என்று ஒன்றுக்கும் '10' என்று ஒன்றுக்கும் பெயர் வைத்தால், எழுத்து வரிசையில் 1 முந்துவதால் பத்தாவது விதி ஒன்பதாவதற்கு முன்னால் ஓடிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் 009, 010 என்று பூஜ்யம் சேர்த்துப் பெயரிடுவார்கள். பெயர் என்பது அங்கே வெறும் பெயராக இருப்பதில்லை.

அதே மென்பொருளில் இன்னொரு நுட்பம். ஒரு மெயிலின் தலைப்பகுதியில் சில சிறப்பு வரிகளை எழுதினால் ஓடிஆர்எஸ் அவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: இந்த வரிசையில் போடு, இந்த அவசர நிலை கொடு. வடிகட்டிகள் உள்ளே செய்வதும் இந்த வரிகளை ஒட்டுவதைத்தான். அப்படியானால் வெளியே இருப்பவர் தன் கடிதத்தில் தானே அந்த வரியை எழுதிக்கொண்டு வந்தால்? அதற்காகத்தான் ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்கும் 'நம்பகமானதா' என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் வெளியிலிருந்து வரும் கட்டளை வரிகளை அது மதிக்காது. மனு கொடுக்க வந்தவரே மனுவின் மேல் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு வந்தால் எந்த அலுவலகமும் ஒப்புக்கொள்ளாதல்லவா?

பணிவுடன் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்

'கொண்டிருக்கிறது' என்ற அந்த ஒரு சொல்லில் பெரிய பள்ளம் இருக்கிறது. 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரவாசிகள் ஏஓஎல் இணைய சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அந்த ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒளிந்திருந்தது. வடிகட்டி அதைக் கண்டுபிடித்து ஊரையே தடைசெய்துவிட்டது. கணினிக்குச் சொல் தெரியாது. எழுத்துகளின் வரிசைதான் தெரியும்.

தமிழில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். நம் கல்லூரியில் மின்விசிறி, மின்தடை போன்ற புகார்கள் மின்பணிப் பிரிவுக்குப் போகட்டும் என்று 'மின்' என்ற எழுத்துகளை வைத்து விதி எழுதுகிறோம். 'உங்களுக்கு நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன்' என்று தொடங்கும் கடிதங்கள் அத்தனையும் எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சேரும்.

கட்டணத்துக்கு ஒரு விதி எழுதுவோம்: உள்ளடக்கத்தில் 'கட்டணம்' இருந்தால் கணக்குப் பிரிவு. மாணவர் எழுதுவதோ 'கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று. வேற்றுமை உருபு சேர்ந்ததும் மகரம் போய்விட்டது, விதி பொருந்தாது. சரி, மகர மெய்யை விட்டுவிட்டு 'கட்டண' என்று எழுதினால் இரண்டும் பிடிபடும். அதே உத்தியை 'பணம்' என்ற சொல்லுக்குச் செய்து பாருங்கள். 'பணம்', 'பணத்தை' இரண்டுக்கும் பொதுவாக 'பண' என்று வைக்கிறோம். யூனிகோடில் உயிர்மெய் எழுத்து ஒரே குறியீடு அல்ல. மெய்யைத் தாங்கும் குறியீட்டுக்குப் பின்னால் உயிர்க்குறி தனியாக வரும். 'ணி' என்பது 'ண'வும் அதன் பின்னால் இகரக் குறியும். ஆகவே கணினியின் பார்வையில் 'பணி' என்ற சொல்லுக்குள் 'பண' இருக்கிறது. 'பண்பு' என்பதிலும் இருக்கிறது. 'பணிவுடன்' என்று கையெழுத்துக்கு மேலே போட்டு முடிக்கும் ஒவ்வொரு மரியாதையான கடிதமும் கணக்குப் பிரிவுக்குப் போகும். நம் ஊரில் பணிவுடன் எழுதாதவர் எத்தனை பேர்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவையும் உண்டு. 'தொலைபேசி'யின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. விதி எழுதியவரின் விசைப்பலகை ஒரு மாதிரி, புகார் எழுதியவரின் போன் இன்னொரு மாதிரி என்றால் 'சமம்' என்ற ஒப்பீடு பொய்த்துவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் முறையை யூனிகோட் தரமே வகுத்திருக்கிறது. மென்பொருள் அதைச் செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

தலைப்பகுதிக்குப் போனால் இன்னொரு மாற்றம். மின்னஞ்சலின் தலைப்பகுதி ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து உருவானது. தமிழில் பொருள் எழுதினால் அது பெரும்பாலும் பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாறித்தான் பயணிக்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அது பேஸ்64-ல் 4 எழுத்தாகும். 'அவசரம்' என்ற சொல்லில் புள்ளியையும் சேர்த்து 6 குறியீடு. வழியில் அது 24 எழுத்துச் சங்கிலி. 1990-ல் வந்த புரோக்மெயில் போன்ற பழைய வடிகட்டிகள் தலைப்பகுதியை வந்தபடியே பார்ப்பவை. அவற்றிடம் 'அவசரம்' என்று தேடச் சொன்னால் எந்தக் காலத்திலும் கிடைக்காது. இன்றைய ஹெல்ப் டெஸ்க்குகள் குறியீட்டைப் பிரித்த பிறகே விதியை ஓட்டுகின்றன. ஆனாலும் தமிழில் ஒரு விதி எழுதினால், தமிழில் ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும்.

எழுத்து வரிசைகளின் வடிவத்தைத் தேடுவதற்குக் கணிதம் தந்த கருவி 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்'. நரம்பணுக்களின் கணித மாதிரி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்டீஃபன் கிளீனி 1950-களில் உருவாக்கிய குறிமானம் அது. 1968-ல் கென் தாம்சன் அதை உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். 'பொருளில் # குறியும் அதையடுத்து 6 இலக்கமும் இருந்தால் அது டிக்கெட் எண்' என்று ஹெல்ப் டெஸ்க் கண்டுகொள்வது இதன் உதவியால்தான். இதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கடைக்காரர் 'பில் எண்' என்று # போட்டு 6 இலக்கம் எழுதி, அதே எண்ணில் யாரோ ஒரு மாணவரின் டிக்கெட் இருந்தால், கடைக்காரரின் கடிதம் மாணவரின் கோப்பில் ஏறிவிடும். அனுப்பியவர் அந்த டிக்கெட்டுக்குச் சம்பந்தப்பட்டவர்தானா என்றும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த விபத்தைத் தவிர்க்கலாம்.

இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொண்டால்

'உங்கள் புகார் கிடைத்தது, எண் இது' என்று ஹெல்ப் டெஸ்க் உடனே ஒரு தானியங்கிப் பதில் போடும். எதிர்ப்பக்கம் இருப்பதும் ஒரு ஹெல்ப் டெஸ்க் என்றால் என்ன ஆகும்? கல்லூரி தன் இணைய சேவை நிறுவனத்துக்கு எழுதுகிறது. நிறுவனத்தின் இயந்திரம் 'கிடைத்தது' என்கிறது. அந்தப் பதிலில் கல்லூரியின் டிக்கெட் எண்ணும் அடையாளச் சரமும் இருந்தால் அது பழைய டிக்கெட்டில் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். நிறுவனத்தின் மென்பொருள் பொருள் வரியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதி, அடையாளத்தையும் தொலைத்துவிட்டால், கல்லூரி அதைப் புதுப் புகார் என்று எண்ணிப் புது எண் கொடுத்து 'கிடைத்தது' என்று பதில் போடும். அந்தப் பதில் அங்கே ஒரு புதுப் புகார். இரண்டு பக்கமும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சல் பெட்டியைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 10 நிமிடம். மாலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 9 மணிக்குள் 15 மணி நேரம். குறைந்தது 90 டிக்கெட். கடிதம் வந்த கணமே டிக்கெட் ஆகும்படி அமைத்திருந்தால் கணக்கு ஆயிரங்களில் போகும்.

இதைத் தடுக்கும் முதல் பழக்கம் எஸ்எம்டிபியிலேயே உண்டு. போய்ச் சேராத கடிதத்தைத் திருப்பி அனுப்பும் அறிவிப்பின் உறையில் அனுப்புநர் இடம் காலியாக இருக்க வேண்டும். பதில் போட முகவரியே இல்லாததால், திரும்பி வந்த கடிதத்துக்கு இன்னொரு திரும்பிய கடிதம் பிறக்காது. 2004-ல் கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 3834 என்ற ஆவணம் 'ஆட்டோ-சப்மிட்டெட்' என்ற தலைப்பு வரியை வகுத்தது. இது இயந்திரம் எழுதியது, பதில் வேண்டாம் என்பதே அதன் பொருள். ரிக்வெஸ்ட் டிராக்கர் தான் அனுப்பும் மெயிலில் தன் அடையாளம் ஒன்றைப் பொதிந்து அனுப்பி, அதே அடையாளம் திரும்பி வந்தால் தன் குரலின் எதிரொலி என்று கண்டுகொள்ளும். ஓடிஆர்எஸ், ஒரு முகவரிக்கு ஒரு நாளில் இத்தனை தானியங்கிப் பதில்தான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

வடிகட்டி எழுதுகிறவர் இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். இயந்திரம் எழுதியது என்று தெரிந்தால் தானியங்கிப் பதிலை நிறுத்துங்கள். கடிதத்தையே தூக்கி எறியாதீர்கள். இயந்திரம் எழுதிய கடிதத்திலும் மனிதரின் புகார் இருக்கலாம். எங்கள் இணையதளப் படிவம் அப்படித்தான்.

ஒரே சொல், இரண்டு இடம்

1978 மே மாதம் டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பணியாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று வரலாற்றில் நின்றுவிட்டது அது. ஸ்பேமை எதிர்க்கப் புள்ளியியலைப் பயன்படுத்தும் முறை 2002-ல் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு பரவலானது. அதன் அடிப்படை, தாமஸ் பேய்ஸ் இறந்த பின் 1763-ல் வெளியான அவரது தேற்றம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 மெயில், அதில் 200 ஸ்பேம், 800 உண்மைக் கடிதம். ஸ்பேமில் 60-ல் 'பாஸ்வேர்ட்' என்ற சொல் இருக்கிறது. ஒரு தனிமனிதரின் பெட்டியில், உண்மைக் கடிதங்களில் 8-ல் மட்டும் அந்தச் சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்வேர்ட் என்று கண்டால் மொத்தம் 68 கடிதம். அதில் 60 ஸ்பேம். நூற்றுக்கு 88 வாய்ப்பு. இப்போது அதே கணக்கை ஹெல்ப் டெஸ்க்கில் போடுங்கள். அங்கே ஐந்தில் ஒருவர் பாஸ்வேர்ட் மறந்துபோய்த்தான் எழுதுகிறார். உண்மைக் கடிதங்களில் 160-ல் அந்தச் சொல். மொத்தம் 220-ல் 60 ஸ்பேம். வாய்ப்பு நூற்றுக்கு 27-க்கு இறங்கிவிட்டது.

கணக்கு முடங்கிவிட்டது, பணம் கழிந்துவிட்டது, உடனே கவனியுங்கள்: ஏமாற்றுக்காரர் எழுதும் சொற்களும் இவை, கஷ்டத்தில் இருப்பவர் எழுதும் சொற்களும் இவைதான். அந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தானே ஏமாற்றுக்காரர் சொற்களைக் கற்றுக்கொண்டார்! வேறொரு பெட்டியில் பழக்கிய ஸ்பேம் வடிகட்டியை உதவி முகவரிக்கு அப்படியே மாட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இது. கிரஹாமும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கடிதங்களை வைத்தே வடிகட்டியைப் பழக்க வேண்டும் என்றுதான் வற்புறுத்தினார்.

80 எப்படி 40 ஆனது?

வரிசையில் நிற்பதைக் கணிதமாக்கியவர் டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அவர் 1909-ல் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். ஜென்டெஸ்க் பிறந்ததும் அதே ஊர் என்பது ஒரு சுவையான தற்செயல். 1961-ல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இன்னும் எளிது. காத்திருப்போர் எண்ணிக்கை என்பது, ஒரு நாளில் வருவோர் எண்ணிக்கையை ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நாட்களால் பெருக்கினால் கிடைப்பது.

எங்கள் அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 40 டிக்கெட் வந்தது. ஒன்றை முடிக்கச் சராசரியாக 2 நாள். 40 × 2 = 80. திரையில் தினமும் பார்த்த எண் அதுதான். அது 40-க்கு இறங்க இரண்டு வழி உண்டு. 2 நாள் வேலையை 1 நாளில் முடித்திருக்கலாம். அல்லது வருகை 20 ஆகியிருக்கலாம். திரையில் தெரிந்த 40, எந்த வழியில் வந்தது என்று சொல்லாது. இரண்டாவது வழி என்றாலும், நின்றது குப்பையா புகாரா என்று சொல்லாது. நாங்கள் குப்பை என்று நம்பி வடை சாப்பிட்டோம், நின்றது புகார்.

அதன் பிறகு ஒரு வரவு செலவுக் கணக்கு வைத்துக்கொண்டோம். அஞ்சல் சர்வருக்கு இன்று எத்தனை மெயில் வந்தது? அதில் புது டிக்கெட் ஆனது எத்தனை, பழைய டிக்கெட்டில் சேர்ந்தது எத்தனை, வடிகட்டி ஒதுக்கியது எத்தனை? பின்னவை மூன்றையும் கூட்டினால் முதல் எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. ஒதுக்கியது மட்டும் திடீரென்று ஏறினால் யாரோ ஒரு புது விதி எழுதியிருக்கிறார்கள். மாலையில் 5 நிமிட வேலை இது. அந்த மூன்று வாரத்தில் யாராவது ஒரே ஒரு நாள் இதைச் செய்திருந்தால் போதும்.

படிவத்தின் நகல்கள் இணையதளத்தின் டேட்டாபேஸில் இருந்ததால் தப்பித்தோம். 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினோம். சிலர் பிரச்சினை தானே தீர்ந்துவிட்டது என்றார்கள். சிலர் பதிலே போடவில்லை.

நீங்கள் ஒரு வடிகட்டி எழுதப் போகிறீர்கள் என்றால், முதல் ஒரு வாரம் அதற்கு எந்த அதிகாரமும் கொடுக்காதீர்கள். பொருந்தும் கடிதத்தின் மேல் ஓர் அடையாளம் மட்டும் ஒட்டட்டும். அந்த அடையாளம் எவற்றின் மேல் விழுகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். விதியின் பெயரோடு யார், எந்தத் தேதியில், எதற்காக எழுதினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். நிராகரி என்ற செயலைக் கூடியவரை தொடாமல், ஒதுக்கிவைக்க ஒரு தனி வரிசை உருவாக்குங்கள். ஏற்கெனவே அப்படி ஒரு வரிசை உங்கள் அலுவலகத்தில் இருந்தால், இந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதை ஒருமுறை திறந்து பாருங்கள். யாராவது அங்கே காத்துக்கொண்டிருக்கலாம்.